கால் அங்குலம்

பலகை கோவளத்தில் கிடக்கிறது,
கஜபதி வலை போடும் கொட்டகையில்,
உத்தரத்தில் கயிறு கட்டி, மல்லாந்து.
ஒன்பதடி. சேலம் வரைக்கும் அதை ஏற்ற
எந்தக் கண்டக்டரும் ஒப்பவில்லை.
செட்டை மட்டும் என்னோடு வந்து போகும்,
யூனிபாரத்தில் சுற்றி, டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில்.

வாங்கிய கடையில் அதன் பேர் ஃபின்.
கஜபதிக்கு மீனுக்கும் அதுதான், பலகைக்கும் அதுதான்: செட்டை.
"ரொம்பப் பின்னால மாட்டியிருக்க.
நேரா போவும். திரும்பாது" என்றான்,
மூன்றாம் தடவை விழுந்து
நான் மணலைத் துப்பிக்கொண்டிருந்தபோது.
எவ்வளவு முன்னால்?
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும்
நெருக்கிக் காட்டினான்.
அந்த இடைவெளியை
ராத்திரி பஸ்ஸில், சிந்தாமல்
ஐந்து ரோடு வரை கொண்டுவந்தேன்.

இங்கே எக்ஸ்ரே அறை எனக்கு.
நாள் பூராவும் இதே பேச்சு:
தோளைக் கொஞ்சம் உள்ளே. இன்னும் கொஞ்சம்.
மூச்சைப் பிடிங்க.
அசையாதீங்க.

விடுங்க.
கால் அங்குலம் தப்பினால்
ஒரு எலும்பு இன்னொன்றின் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

ஆள் வராத ஒரு மூன்று மணிக்கு
செட்டையை மேசையில் படுக்கவைத்துப் படம் எடுத்தேன்.
(வெளியே சொல்லிவிடாதீர்கள்.)
மார்கழி விடியலில் சேர்வராயன் போல
இருக்கிறதா இல்லையா என்று ஒரு மங்கல்.
திருகு மட்டும் வெள்ளை வெளேர்.
அப்போதுதான் உறைத்தது:
திருகு இறங்கிப் பிடிக்க வேண்டிய
சின்னத் தகடு எங்கே?
கடலில்.

செவ்வாய்ப்பேட்டையில் கோமளா
கொலுசுக்குத் திருகாணி வெட்டுகிறவள்.
நகத்தளவு சதுரம், நடுவில் மரை, என்றேன்.
"எந்தச் சாமிக்கு?"
கடலுக்கு.
"சேலத்துலயா?"
சிரிக்கவில்லை. வெர்னியரை எடுத்தாள்.
"பித்தளை உப்புக்குக் களிம்பேறும்.
ஸ்டீல்ல போடறேன். நாளைக்கு வா."
அலை பார்த்ததில்லை அவள்.
ஆனால் மரை ஒரு நூல் தேய்ந்தால்
கல்யாண மண்டபத்தில் எந்தக் கால் வெறுங்காலாகும்
என்பது அவளுக்குத் தெரியும்.

ஞாயிறு, ஏற்காடு பஸ், கடைசி சீட்.
மலை பார்க்க இல்லை.
முன்சக்கரம் வளைவை நினைக்கும்,
பின்சக்கரம் யோசித்து ஒப்புக்கொள்ளும்,
அதற்கும் பின்னால் இருக்கிற எங்களைத்
தூக்கிப் பள்ளத்தின் பக்கம் காட்டிவிட்டு
திரும்ப வாங்கிக்கொள்ளும்.
பின்சக்கரம் ஒரு முழம் முன்னால் இருந்திருந்தால்
டிரைவர் இந்த வளைவை
ஒரே ஒடிப்பில் முடித்திருப்பார்.
நேர்ரோட்டில் நடுங்கியிருப்பார்.
இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது போல.
பதினான்காவது கொண்டை ஊசியில்
பக்கத்துச் சிறுமி எலுமிச்சைச் சோற்றைக் கக்கினாள்.
பையைப் பிடித்துக்கொண்டே
நான் பின்சக்கரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
மேலே ஏரி. பெடல் படகுகள்.
இறங்கவில்லை.
அடுத்த டிக்கெட்டை அதே சீட்டுக்கு வாங்கினேன்.

செட்டையின் அடியில் பென்சில் கோடு போட்டேன்.
முக்கால் அங்குலம் முன்னால்.
அழித்தேன். அரை.
அழித்த இடத்தின் மேலேயே, கால்.

இந்தத் திங்கட்கிழமை.
கஜபதி அனுப்பிய வீடியோ, பதினோரு விநாடி.
ஈய அங்கியோடு சுவரில் சாய்ந்து பார்க்கிறேன்.
அலை வருகிறது. எழுகிறேன். சாய்கிறேன்.
பலகை திரும்புகிறது!
வெண்ணெயில் கத்தி போல, என்ன அழகாய்,
நான் சொன்ன பக்கத்துக்கே.
நான்தான் நேராகப் போகிறேன்.

கீழே அவன் குரல்: "கால் பின்னால வை."
கால் அங்குலமா? என்று தட்டினேன்.
"ஐயோ. காலு.
உன் காலு."

கதவு திறந்தது. அடுத்த டோக்கன்:
அம்மாப்பேட்டை சுலோச்சனா, வலது கணுக்கால்,
மாடிப்படியில் சறுக்கியது.
கொலுசைக் கழற்றணும், அம்மா.
"வர மாட்டேங்குது, இறுகிப் போச்சு."
குனிந்தேன்.
திருகு கோமளா வெட்டியதா தெரியாது.
அரைச் சுற்று.
இன்னும் கொஞ்சம்.